வரலாற்றுக் கண்காட்சியில் திருநர்: யாரை எந்தப் பலகையில் வைப்பது?

வாசகர் கேள்வி: திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை நான். எங்கள் வாசகர் வட்டம் ‘வரலாற்றில் திருநர்’ என்று ஒரு சுவர்க் கண்காட்சி வைக்கப்போகிறது. மார்கழியில், ஒரு கிழமைக்கு, பத்துப் பலகை. எடுத்திருக்கும் பெயர்கள்: சிகண்டி, பிருகன்னளை, அரவான், அர்த்தநாரீசுவரர், மாலிக் கபூர், பிரெஞ்சு இராசதந்திரி டெயோன், ஆங்கிலப் படை வைத்தியர் ஜேம்ஸ் பரி, மூதூர்ப் பக்கக் கூத்தில் பெண் பாத்திரம் ஆடிப் பேரெடுத்த ஓர் அண்ணாவியார். வட்டத்தின் மூத்தவர் ஒருவர், “இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம்” என்கிறார். இளையவர்களோ, “வெள்ளைக்காரன் வரும்வரை எங்கள் ஆக்கள் இவர்களைக் கும்பிட்டார்கள்” என்று முதல் பலகையிலேயே எழுதவேண்டும் என்று நிற்கிறார்கள். யார் சொல்வது சரி? பலகைகளை எப்படி எழுதுவது? ஊரில் ஒரு திருநங்கை பேச முன்வந்திருக்கிறார். அவரை எப்படிச் சேர்ப்பது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு பக்கமும் பிழை. அதைக் காட்டுவதற்கான ஆதாரம் தமிழிலேயே இருக்கிறது, ஆனால் உங்கள் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் உள்ள எட்டும் ஒரே வகையும் அல்ல. தெய்வம், காவியப் பாத்திரம், கூத்து வேடம், காயடிக்கப்பட்ட அடிமை, தன் வாழ்நாளை வேறு பாலாக வாழ்ந்த மனிதர் என்று ஐந்து வகை அதில் கலந்து கிடக்கிறது. இவற்றை ஒரே வரிசையில் தொங்கவிட்டால், பார்க்க வருகிறவர் கை வைப்பது ஆகப் பலவீனமான பலகையில்தான். “அர்த்தநாரீசுவரர் திருநங்கையா?” என்று ஒருவர் கேட்டுச் சிரித்தால், ஜேம்ஸ் பரியின் பலகையும் அந்தச் சிரிப்போடு போய்விடும். ஆகவே எழுதுவதற்கு முன் பிரிக்கவேண்டும்.

பிரிப்பதற்கு ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி போதும். இதை எழுதிவைத்தவர் யார்? நடந்த காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் எவ்வளவு தூரம்? அந்த ஆள் தன் கையால், தன் வாயால் விட்டுச் சென்றது ஏதாவது உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை இருந்தால்தான் “இவர் தன்னை இப்படிக் கருதினார்” என்று எழுத உரிமை வரும். மற்ற இடங்களில் “இவரைப் பற்றி இப்படி எழுதினார்கள்” என்பதோடு நின்றுவிடுங்கள்.

அர்த்தநாரீசுவரரை எடுத்துவிடுங்கள். அது சைவத் தத்துவம். கோணேசர் கோயில் நிழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைப் பலகை போட்டு விளக்கவும் தேவையில்லை. சிகண்டி, பிருகன்னளை, அரவான் மூவருக்கும் ஒரே பலகை போதும். காவியம் வாழ்க்கை வரலாறு ஆகாது. ஆனால் இப்படியொரு ஆளை அந்தக் காலத்துக் கேட்போரால் கற்பனை செய்ய முடிந்தது என்பதற்கு அது நல்ல சான்று. பெண்ணாகப் பிறந்த சிகண்டி ஓர் யட்சனிடம் ஆண்மையை வாங்கிக்கொள்கிறார். அருச்சுனன் விராடன் அரண்மனையில் ஒரு வருடம் பிருகன்னளையாக இருந்து ஆடல் பாடல் கற்பிக்கிறார். இரண்டையும் இரண்டிரண்டு வரியில் முடிக்கலாம்.

அரவானிடம்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கதைப்படி அரவான் திருநர் அல்ல, அருச்சுனனின் மகன். களப்பலிக்கு முதல்நாள் அவனை மணப்பது மோகினி வடிவில் வந்த கண்ணன். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவருக்காக, அதாவது அரவானுக்காக, தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் திருநங்கைகள் மணமகளின் இடத்தில் நிற்கிறார்கள். வியாச பாரதத்தில் இந்தத் திருமணம் இல்லை. அங்கே இராவான் எட்டாம் நாட் போரில் சாகிறான். களப்பலி தமிழ் வழியில் வந்தது, பெருந்தேவனார் பாரத வெண்பாவிலேயே அது உண்டு. இன்னொன்று: கூவாகம் இந்தியாவில், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்கிலங்கையில் திரௌபதை அம்மன் கோயில்கள் இருப்பதை வைத்துக்கொண்டு “எங்கள் வழக்கம்” என்று எழுதிவிடாதீர்கள். பாண்டிருப்பில் தீ மிதிப்பது வேறு, கூவாகத்தில் தாலி கட்டுவது வேறு.

மாலிக் கபூரையும் எடுக்கச் சொல்வேன். அவர் குஜராத்தில் பிடிபட்ட அடிமை. அலாவுதீன் கில்ஜியின் தளபதியாகி, 1311 இல் மதுரை வரை வந்தார், 1316 இல் கொல்லப்பட்டார். காயடிப்பு அவருக்குச் செய்யப்பட்ட ஒன்று, அவர் தேர்ந்தது அல்ல. அரண்மனைகளில் அப்படிப்பட்ட ஆண்களை வைத்திருந்ததற்குக் காரணம் அந்தப்புரக் காவலும், வாரிசு இல்லாதவன் அரசைப் பிடிக்கமாட்டான் என்ற கணக்கும். அவர் தன்னை ஆண் அல்லாதவராகக் கருதினார் என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. இணையப் பட்டியல்களில் இந்தக் கலப்பு மலிந்து கிடக்கிறது. உடம்பில் செய்யப்பட்ட வெட்டையும் மனிதரின் பால்நிலையையும் ஒன்றாக்குவது, திருநரைப் பற்றி இன்றும் ஊரில் உலாவும் பிழையான எண்ணத்துக்கே தீனி போடும்.

அண்ணாவியாரின் பெயரை எழுதவேண்டாம். வடமோடியிலும் தென்மோடியிலும் பெண் பாத்திரங்களை ஆண்கள் ஆடுவதே மரபு. திறமையும் குரலும் உடல்வாகும் பார்த்து அண்ணாவியார்தான் பாத்திரம் கொடுப்பார். அதை வைத்து ஆடியவரின் உள்ளத்தைச் சொல்ல முடியாது. அவரே சொல்லாத ஒன்றைச் சுவரில் எழுதினால், நாளைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் வந்து கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. ஆனால் கூத்து மரபு ஒரு நல்ல பலகை. அதோடு சிங்களவரின் கம்மடுவச் சடங்கில் பத்தினித் தெய்வத்துக்குரிய கபுவா என்ற பூசகர் பெண்ணுடை தரித்துத் தெய்வமாக நிற்பதையும் சேருங்கள். ஒரே கண்ணகி, இரண்டு மொழி. ஆண் உடம்பில் பெண் உரு வருவதை ஊர் ஏற்றுக்கொண்ட இடங்கள் இவை. அந்த ஏற்பு மேடையோடும் சடங்கோடும் முடிந்ததா, வீட்டுக்கும் வந்ததா என்று பலகையின் அடியில் ஒரு கேள்வியாகவே விடலாம்.

இனி உங்கள் பட்டியலில் இல்லாதது. மூத்தவருக்கான பதிலும் இதுதான்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், “ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை யறிசொற்கு ஆகிடன் இன்றே” என்று ஒரு விதி இருக்கிறது. பேடியை, அதாவது ஆண்மை நீங்கிப் பெண்மை கொண்டவரை, பற்றிப் பேசும்போது ஆண்பால் வினைமுற்று வராது, ‘வந்தான்’ என்று சொல்லக்கூடாது என்பது அதன் கருத்து. ‘பேடி வந்தாள்’, ‘பேடியர் வந்தார்’ என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அதே இயலின் இன்னொரு சூத்திரம் இவர்களை உயர்திணையில் வைக்கிறது. பேச்சில் அடிக்கடி வராத ஓர் ஆளுக்கு இலக்கணகாரர் விதி செய்ய மாட்டார். முதலில் சொன்ன பன்னிரண்டாம் சூத்திரத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே இரண்டு வரியில் பொருள் எழுதுங்கள். ஆண்டு மட்டும் போடவேண்டாம். தொல்காப்பியத்தின் காலம் பற்றி அறிஞருக்குள் உடன்பாடு இல்லை, போட்ட ஆண்டிலேயே ஒருவர் சண்டை தொடங்குவார்.

ஆண்டு வேண்டுமென்றால் நன்னூல் இருக்கிறது. பவணந்தியார் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கியது 1505. நன்னூல் 264 ஆம் சூத்திரம் இது:

“பெண்மைவிட்டு ஆண்அவா வுவபேடு ஆண்பால்
ஆண்மைவிட்டு அல்லது அவாவுவ பெண்பால்
இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்.”

பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டு மற்றதை அவாவுவோர் பெண்பால். சொல்லின் பாலை முடிவு செய்வது இங்கே அவா. திருநம்பிகள் பற்றி ஒரு பலகையும் இல்லையே என்று உங்கள் பட்டியலைப் பார்த்ததும் தோன்றியது. அவர்களுக்கு இலக்கணத்தில் முதலடியே கிடைத்திருக்கிறது. உயர்தரத்தில் தமிழ் எடுத்த பிள்ளைகளை இந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், மூத்தவரோடு அவர்களே பேசிக்கொள்வார்கள்.

ஆனால் மூன்றாம் அடியை வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் இளையவர்களின் பிழையை நீங்களும் செய்தவர் ஆவீர்கள். ‘இருவரும் அஃறிணை போலவும் வரலாம்’ என்கிறது அது. மனிதரை மாட்டோடும் மரத்தோடும் ஒரே திணையில் பேசலாம் என்ற அனுமதி. குறளை எடுத்தாலும் அதே கதை. 614 இல் முயற்சி இல்லாதவனின் கொடை “பேடிகை வாளாண்மை போலக் கெடும்”. 727 இல் அவையஞ்சுபவன் கற்ற நூல் “பகையகத்துப் பேடிகை ஒள்வாள்”. பயனற்றதற்கு உவமை தேடிய இடத்தில் வள்ளுவருக்கு உடனே வந்தது பேடியின் கை. அப்போது வெள்ளைக்காரன் எங்கே இருந்தான்? “முன்னர் பொற்காலம், பிறகு குடியேற்றக்காரன் கெடுத்தான்” என்ற கதை சொல்லச் சுகமாக இருக்கும். இந்த இரண்டு குறளும் அதை அங்கேயே நிறுத்திவிடும். இளையவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. தங்களுக்குப் பிடிக்காத ஆதாரத்தையும் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கண்டால்தான் மூத்தவர் மற்றப் பலகைகளை நம்புவார்.

சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் ஒரே பலகையில் சேர்க்கலாம். மாதவி ஆடிய பதினொரு ஆடலில் ஒன்று, “ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி யாடல்”. மணிமேகலை மலர்வனம் புக்க காதையில் அந்தக் கோலம் புகார்த் தெருவிலேயே நிற்கிறது. சுருண்ட தாடி, பூ முடித்த கூந்தல், வெள்ளித் தோடு, இளமுலை எல்லாம் ஒரே உடம்பில். சனம் கூடி நின்று பார்க்கிறது. இதுவும் ஆட்டம்தான், ஆகவே கூத்துப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஓவியம் கீறக்கூடிய பிள்ளை இருந்தால் இந்த வரிகளைக் கொடுத்துக் கீறச் சொல்லலாம். படம் தேடி அலையும் வேலை மிச்சம்.

திருகோணமலையில் பலகைக்கு முன்னால் சிங்களவரும் முஸ்லிம்களும் நிற்பார்கள். எனவே பாளி நூல்களை விடவேண்டாம். பௌத்தத் துறவிகளுக்கான விதிநூல் விநயபிடகம். அதன் முதலாம் பாராஜிகப் பகுதியில், பிக்கு ஒருவருக்குப் பெண் இலிங்கம் தோன்றிய சம்பவம் வருகிறது. புத்தரின் தீர்ப்பு: அதே உபாத்தியாயர், அதே உபசம்பதை (முழுத் துறவேற்பு), அதே வருடக் கணக்கோடு பிக்குணிகளிடம் போகட்டும். பிக்குணிக்கு ஆண் இலிங்கம் தோன்றினாலும் இதே விதி. தம்மபத உரைக்கதையில் சோரெய்ய என்ற செல்வந்தரின் மகன் பெண்ணாகிப் பிள்ளை பெற்று, மறுபடி ஆணாகித் துறவியாகிறார். ஆணாக இருந்து பெற்ற இரண்டு பிள்ளை, பெண்ணாக இருந்து பெற்ற இரண்டு பிள்ளை. யாரில் கூடப் பாசம் என்று கேட்கிறார்கள். வயிற்றில் சுமந்தவர்களில் என்கிறார். இந்த ஒரு கேள்வி பதிலே பலகைக்குப் போதும். ஆனால் அதே விநயம் பண்டகர் என்ற வகையினருக்குத் துறவறத்தை மறுக்கிறது. அதையும் அதே பலகையில் எழுதவேண்டும்.

இஸ்லாமியச் சட்டநூல்கள் குன்ஸா என்ற வகையினருக்கு வாரிசுப் பங்கை எப்படிக் கணக்கிடுவது, தொழுகையில் எந்த வரிசையில் நிறுத்துவது என்று விரிவாகப் பேசுகின்றன. அது பிறப்பிலேயே உடற்கூறு வேறுபட்ட இடைப்பாலினரைப் பற்றியது, திருநரைப் பற்றியது அல்ல. அந்த வேறுபாட்டைச் சொல்லி எழுதுங்கள். எழுதியதை ஊரில் ஒரு மௌலவியிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

டெயோனுக்கு (1728–1810) ஒரு பலகையில் மூன்றில் ஒரு பங்கு. குதிரைப்படைத் தலைவர், லண்டனில் பிரெஞ்சு ஒற்றர். ஆணா பெண்ணா என்று லண்டனில் பந்தயம் கட்டினார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. 1777 இல் பதினாறாம் லூயி அரசு, பெண்ணுடையில்தான் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. பிறகு சாகும்வரை முப்பது வருடத்துக்கு மேல் பெண்ணாகவே வாழ்ந்தார். பெண்ணாகப் பிறந்தவள் என்று தன்னைப் பற்றித் தானே எழுதியும் வைத்தார். இறந்தபின் பார்த்த வைத்தியர்கள் ஆணுடல் என்று பதிந்தார்கள். உத்தரவும் விருப்பமும் இங்கே பின்னிக் கிடப்பதால், “டெயோன் திருநங்கை” என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. 1792 இல் வரைந்த உருவப்படம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது, ஓவியத்தின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

அந்தப் பலகையின் மிச்சத்தை ஜேம்ஸ் பரிக்குக் கொடுங்கள், ஆதாரம் அவ்வளவு கெட்டி. கோர்க் நகரில் 1789 அளவில் பிறந்தபோது வைத்த பெயர் மார்கரெட் ஆன் பல்க்லி. 1809 இன் முடிவில் எடின்பரோவுக்கு ஜேம்ஸ் பரியாகப் போகிறார். 1812 இல் வைத்தியப் பட்டம், 1813 இல் படை, 1816 இல் கேப் டவுன். 1826 இல் அங்கே செய்த சீசேரியன் சத்திரசிகிச்சையில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அது அரிதிலும் அரிது. அந்தப் பிள்ளைக்கு ஜேம்ஸ் பரி என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் மருத்துவமனைகளின் தலைமைப் பரிசோதகர் பதவி. 1865 யூலை 25 இல் மரணம். மரணச் சான்றிதழில் ஆண். உடலைக் கழுவிய பெண் சொல்லித்தான் விசயம் வெளியே வந்தது.

இதில் எழுத்துப் பிழை எங்கே வரும் என்றால், வினைச்சொல்லில். “ஆண் வேடமிட்டு ஏமாற்றினார்”, “உண்மையில் அவர் பெண்”, “இரகசியம் அம்பலமானது” என்று எங்கள் பத்திரிகை நடை தானாக ஓடும். ‘ஏமாற்றினார்’ என்றால் நீங்கள் தீர்ப்புச் சொல்லியாயிற்று. மறுபக்கத்தில் “திருநம்பி ஜேம்ஸ் பரி” என்று தலைப்புப் போட்டாலும் தீர்ப்புத்தான். பெண்களுக்கு வைத்தியப் படிப்பு மூடியிருந்த காலம் அது. படிப்புக்காகத் தொடங்கிய ஏற்பாடு என்று வாதிடுவோர் உண்டு. அப்படியென்றால் ஓய்வு பெற்ற பிறகும், சாவுப் படுக்கையிலும் ஆணாகவே ஏன் இருந்தார் என்று திருப்பிக் கேட்போரும் உண்டு. என் எடை இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஐம்பத்தாறு வருடம் ஒருவர் வாழ்ந்த விதத்தை அவருடைய சாட்சியாக எடுக்காமல், பிணத்தைக் கழுவியவரின் சொல்லை மட்டும் எடுப்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் அது என் எடை. சுவரில் இரண்டையும் வையுங்கள். தமிழில் ‘அவர்’ இருப்பதால் அவன், அவள் என்ற தொல்லையும் இல்லை. மாதிரிக்கு:

‘ஜேம்ஸ் பரி, படை வைத்தியர். கோர்க் நகரில் மார்கரெட் ஆன் பல்க்லி என்ற பெயரில் பிறந்தார். 1809 முதல் 1865 இல் இறக்கும்வரை ஆணாக வாழ்ந்தார். 1826 இல் கேப் டவுனில் இவர் செய்த சீசேரியனில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். படிப்பதற்காக எடுத்த முடிவா, தன்னை ஆணாகவே உணர்ந்தாரா என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர். வாழ்ந்த காலம் முழுவதும் அவர் தன்னைச் சொல்லிக்கொண்டது ஒன்றே: டொக்டர் ஜேம்ஸ் பரி.’

இந்த அளவுக்கு மேல் ஒரு பலகையில் எழுதாதீர்கள்.

மாலிக் கபூரின் இடத்துக்கு மைக்கல் டிலனைச் சிபாரிசு செய்கிறேன் (1915–1962). இவர் விசயத்தில் வாதமே இல்லை, தன்னை ஆண் என்று தானே எழுதிவைத்த ஆங்கில வைத்தியர். 1944 இல் பிறப்புப் பதிவைத் திருத்தினார். 1940களில் தொடர் சத்திரசிகிச்சைகள் செய்துகொண்டார். பிரபுக்கள் வம்சாவளி நூல்கள் இரண்டில் ஒன்று இவரை ஆண் என்றும் மற்றது பெண் என்றும் அச்சிட்டிருந்ததை 1958 இல் பத்திரிகைக்காரர் கண்டுபிடித்தார்கள். கப்பல் வைத்தியராக இருந்தவர் வேலையை விட்டு இந்தியா வந்து, பௌத்த சாமணேரராகி (இளந்துறவியாகி), ஜீவகர் என்ற பெயரில் எழுதி, டல்ஹவுசியில் இறந்தார். உபசம்பதைக்குக் குறுக்கே நின்றது மேலே சொன்ன அதே விநய விதி. பாளிப் பலகைக்கு அடுத்ததாக இவரைத் தொங்கவிட்டால் பார்ப்பவரே முடிச்சைப் பிடித்துக்கொள்வார்.

சட்டப் பலகையில் ஒரு கவனம். 1871 ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிள்ளைகள் கட்டாயம் இணையத்திலிருந்து தூக்கிவருவார்கள். அதன் இரண்டாம் பகுதி வட இந்தியாவில் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றி, பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினாலே தண்டிக்க வழி செய்தது. அது இலங்கைச் சட்டம் அல்ல. இங்கே பயன்பட்டவை 1841 ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும், 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும். ஒருபாலுறவுக்கு எதிராகப் பயன்பட்ட 365, 365அ பிரிவுகள், அதோடு ஆள்மாறாட்டம் பற்றிய 399. இவற்றில் ஒன்றிலும் திருநர் என்ற பெயர் இல்லை. பெயர் இல்லாமலே பிடிக்க முடிந்தது என்பதுதான் அந்தப் பலகையின் செய்தி. எதிர்முனையில் 2016 ஐ வையுங்கள். சுகாதார அமைச்சின் சுற்றுநிருபத்தால் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வந்த வருடம் அது. மனநல வைத்தியரின் மதிப்பீட்டுக்குப் பிறகு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்தலாம், பிறகு அடையாள அட்டையும் கடவுச்சீட்டும்.

பட்டியலில் திருகோணமலை ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டு எதையும் உருவாக்காதீர்கள். தேடுவதென்றால் வழி உண்டு. இணையத்தில் உள்ள நூலகம் தளத்தில் பழைய ஈழத்துப் பத்திரிகைகளும் நினைவுமலர்களும் ஏற்றியிருக்கிறார்கள். ‘திருநங்கை’ என்று தேடினால் பழையது ஒன்றும் வராது, அந்தச் சொல்லின் பரவலான வழக்கே இந்த நூற்றாண்டுக்குரியது. ‘பெண் வேஷத்தில்’, ‘ஆண் உடையில்’, ‘அலி’, ‘பேடி’ என்று தேடவேண்டும். குடியேற்ற கால நிருவாகப் பதிவுகளுக்குக் கொழும்பு 7 தேசிய சுவடிகள் கூடம். அங்கே பதிவுகள் ஆங்கிலத்தில், திகதி வாரியாகக் கிடக்கும். பொருள் வாரியாகக் கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள், ஆகவே ஒரு வழக்கின் திகதியையாவது பத்திரிகையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும். கிடைப்பதில் பெரும்பாலானது பொலிஸ் செய்தியாக இருக்கும். பிடித்தவனின் வாக்குமூலம் அது, பிடிபட்டவரின் வாழ்க்கை அல்ல. பலகையில் எடுத்துப் போட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனிச் சுவர் வேலை. பத்துப் பலகை வேண்டாம், எட்டுப் போதும்: இலக்கணம், காவியப் பாத்திரங்கள், குறளும் காப்பியமும், கூத்தும் சடங்கும், பாளியும் இஸ்லாமியச் சட்டமும், டிலன், பரியும் டெயோனும், சட்டம். ஏழாவதில் மூன்றில் இரண்டு பங்கு இடம் பரிக்கு. ஏ2 அளவு, அதாவது 42 க்கு 59.4 சென்ரிமீற்றர். தலைப்பு 72 புள்ளி, உடல் எழுத்து 28 க்குக் குறையக்கூடாது. இந்த அளவில் தமிழில் 60, 70 சொல் வசதியாக நிற்கும். சிங்களமும் சேர்ப்பதென்றால் அடியில் தனித் தாளாக ஒட்டுங்கள், ஒரே பலகையில் இரண்டையும் அடைத்தால் இரண்டையும் வாசிக்க மாட்டார்கள். பலகையின் நடு, தரையிலிருந்து 140 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அதிபரும் கழுத்து நோகாமல் வாசிப்பார்கள்.

அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். யுனிகோட்டில் தட்டியதை அங்கே கொண்டுபோய் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடும். சூத்திரத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் தமிழ் ஆசிரியர்கள் அதை மட்டுமே பார்ப்பார்கள். எழுத்துரு பதித்த பிடிஎப் ஆகக் கொடுத்து, ஒரு பிரதி எடுத்து, நூலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். மார்கழி என்கிறீர்கள், வாடைக்காற்று மழையில் வெறுங்கடதாசி இரண்டாம் நாளே சுருளும், சுண்ணாம்புச் சுவரில் ஒட்டுநாடா நிற்காது. 5 மில்லிமீற்றர் நுரைப் பலகையில் ஒட்டி, மேலே இரண்டு துளை போட்டு நைலோன் கயிற்றில் தொங்கவிடுங்கள். இயலுமென்றால் மாசிக்குத் தள்ளுங்கள்.

பேச முன்வந்தவரைப் பற்றி. அவரைக் கண்காட்சியின் ஒன்பதாவது பலகையாக்க வேண்டாம். முகப்படம் சுவரில் ஏறினால் அரை மணியில் யாரோ கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிவிடுவார்கள், திரும்ப எடுக்க முடியாது. 365அ இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பேச்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 40 நிமிடம், பதிவு செய்வதில்லை என்று வாசலிலேயே அறிவித்து, கேள்விகளைத் துண்டுத்தாளில் வாங்கி, நீங்கள் வாசித்துத் தெரிந்து கொடுங்கள். பழைய பெயர் என்ன, என்ன சத்திரசிகிச்சை செய்தீர்கள் என்ற இரண்டும் கட்டாயம் வரும், அந்தத் தாள்களைப் பையில் போட்டுவிடுங்கள். எந்தப் பெயரில் அழைப்பது, எதைப் பேசமாட்டார் என்பதை முதலே கேட்டு எழுதிவைத்து, அன்று காலைகூட “வரவில்லை” என்று சொல்ல அவருக்கு இடம் விடுங்கள். மற்றப் பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே தொகையும் போக்குவரத்துச் செலவும் அவருக்கும். வலயக் கல்விப் பணிமனையிடம் அனுமதிக் கடிதம் கேட்கும்போது பேச்சாளரின் பெயரை இணைக்காமல், எட்டுப் பலகையின் வாசகத்தை மட்டும் இணையுங்கள். அந்த வாசகத்தை அதிபருக்குக் காட்டுவதற்கு முதல் அவருக்குக் காட்டுங்கள். குறள் பலகையை அவர் எப்படி வாசிக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதன் கீழ் வரும் விளக்கத்தைத் திருத்துங்கள்.